ஜென்னே பள்ளிவாசலும் ஊரார் பூசும் மண்ணும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் எடுத்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

1828ஆம் ஆண்டு மார்ச் மாதம். ரெனே காயே என்ற பிரெஞ்சு இளைஞர், எகிப்து நாட்டு அரபி என்று சொல்லிக்கொண்டு முஸ்லிம் உடையில் மேற்கு ஆபிரிக்காவின் ஜென்னே நகருக்குள் நுழைகிறார். அவர் போய்க்கொண்டிருந்தது திம்புக்துவுக்கு. அங்கே போய் உயிருடன் ஊர் திரும்பிக் கதை சொன்ன முதல் ஐரோப்பியர் என்று பின்னால் பெயர் எடுத்தவர் அவர்தான். வழியில் ஜென்னேயின் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கிறார். மண்ணால் கட்டிய மிகப் பெரிய கட்டடம், இரண்டு பருத்த கோபுரங்கள். ஆனால் உள்ளே தொழுகை இல்லை. ஆயிரக்கணக்கான குருவிகள் கூடு கட்டிக் குடியிருக்கின்றன. எச்சத்தின் நாற்றம் தாங்காமல் மக்கள் வெளியே சிறு முற்றத்தில் நின்று தொழுகிறார்கள். இதை அவர் தன் பயண நூலில் எழுதி வைத்தார்.

அந்தப் பள்ளிவாசல் சாதாரணமானதல்ல. அதன் கதையை 17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஃதி என்ற அறிஞர் ‘தாரீஹுஸ் ஸூதான்’ என்ற அரபு நூலில் பதிவு செய்திருக்கிறார். அவரே ஜென்னேயில் இமாமாக இருந்தவர். கோய் கொன்போரோ என்ற அரசர் இஸ்லாத்தை ஏற்றபோது அந்தப் பிரதேசத்து ஆலிம்களையெல்லாம் அழைத்தாராம், 4,200 பேர் கூடினார்களாம். அவர்களிடம் மூன்று துஆக்களைக் கேட்கச் சொன்னார். வறுமையாலும் கஷ்டத்தாலும் ஊரை விட்டு ஓடி வருகிறவனுக்கு இந்த நகரத்தில் இலேசு கிடைக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இங்கே உள்ளூர்க்காரரை விட அதிகமாக இருக்க வேண்டும். சரக்குக் கொண்டு வரும் வியாபாரிகளுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போய் மலிவாக விற்றுவிட வேண்டும். (மூன்றாவது துஆவை வாசித்தபோது சிரிப்பு வந்தது. சந்தை ஊர்க்காரருக்கு அது நன்றாக விளங்கும்.) பிறகு தன் மாளிகையை இடித்து, அந்த இடத்திலேயே பள்ளிவாசலைக் கட்டினார். காலம் 13ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு.

ஜென்னே என்பது இன்றைய மாலி நாட்டில், நைஜர் ஆற்றின் உட்பகுதிச் சமவெளியில், பானி ஆற்றின் கிளைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். வெள்ளம் வந்தால் தீவு. கல் கிடையாது. கிடைப்பது ஆற்று மண். அந்த மண்ணில்தான் வீடும் பள்ளியும். சஹாராவைத் தாண்டி வந்த உப்பும் தெற்கிலிருந்து வந்த தங்கமும் கைமாறிய சந்தைகளில் ஒன்று அது. இன்றைக்கும் திங்கட்கிழமை சந்தை பள்ளிவாசலுக்கு முன்னால்தான் கூடுகிறது.

அப்படியான பள்ளி எப்படிக் குருவிக் கூடானது? நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் சேகு அமாது என்ற தலைவர் எழுந்தார். நம் நாவில் சொன்னால் ஷெய்கு அஹ்மத். மார்க்கப் பற்று மிக்கவர், கண்டிப்பானவர். தன் தலைநகருக்கே ‘ஹம்துல்லாஹி’ என்று பெயர் வைத்தவர். அவர் ஜென்னேயைக் கைப்பற்றியதும் இந்தப் பெரிய பள்ளியை விரும்பவில்லை. உயர்ந்த கோபுரமும் ஆடம்பரமும் எளிமைக்கு மாறு என்று கருதினார். ஆனால் பள்ளிவாசலை இடிப்பது பாரதூரமான காரியம், யாருக்குக் கை வரும்? அதனால் இடிக்கவில்லை. மூடினார். பராமரிப்பை நிறுத்தினார். கூரையிலிருந்து மழைநீர் வெளியே விழும் பீலிகளை அடைக்கச் சொன்னார் என்று அந்த ஊரில் சொல்லி வருகிறார்கள். மண் கட்டடத்துக்கு அது போதும். கூரையில் தேங்கிய நீர் சுவருக்குள் இறங்கும், சுவர் கரையும். யாருடைய கையும் படாமல் மழையே இடித்துவிடும். பக்கத்தில் 1834க்கும் 1836க்கும் இடையில் கோபுரம் இல்லாத, தாழ்ந்த, வேறொரு பள்ளியை அவர் கட்டினார்.

1893இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது பழைய பள்ளி வெறும் இடிபாடு. அதன் மதிலுக்குள் ஊர்ப் பெரியவர்களை அடக்கம் செய்து வந்தார்கள். கொஞ்சக் காலத்தில் அங்கே போன பெலிக்ஸ் துபுவா என்ற பத்திரிகையாளர் அந்த இடிபாட்டைப் பார்த்து, முன்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் படம் வரைந்தார்.

1906இல் பழைய இடத்திலேயே பழையபடி கட்டுவது என்று முடிவானது. 1907இல் வேலை முடிந்தது. தலைமை மேசன் இஸ்மாயிலா திராவோரே, ஜென்னே மேசன்மார் சங்கத்தின் தலைவர். பிரெஞ்சு அதிகாரிகள் எவ்வளவு தூரம் அமைப்பில் தலையிட்டார்கள் என்று அறிஞர்கள் இன்னமும் வாதம் செய்கிறார்கள். கோபுரங்களின் சமச்சீரில் ஐரோப்பியச் சாயல் இருக்கிறது என்கிறார் ஒருவர், இல்லை முழுக்க முழுக்க ஊர் மேசன்களின் வேலை என்கிறார் இன்னொருவர். 1910இல் திரும்பி வந்த துபுவாவுக்கோ பிடிக்கவே இல்லை. முள்ளெலிக்கும் தேவாலய ஓர்கனுக்கும் பிறந்தது போல இருக்கிறது என்ற கருத்தில் கிண்டலாக எழுதினார். அவர் பார்த்த ‘முள்’தான் இன்று உலகமே படம் பிடிக்கிற அழகு.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அந்தக் கட்டடத்துக்கு மண் சுமந்தவர்கள் எல்லாரும் விரும்பி வந்தவர்கள் அல்ல. கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டவர்களைக் கொண்டுதான் 1907இல் கட்டி முடித்தார்கள். பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவில் அந்தக் காலத்தில் அது சட்டம். 1946இல்தான் கட்டாய வேலையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. இந்த நாட்டில் இராஜகாரியம் 1832இல் ஒழிந்தது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஆனால் 1848இல் வீதிச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்து, வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வருடக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். வேலை வீதி போடுவதுதான், நல்ல வேலைதான். கட்டாயம் என்றபோது மக்கள் எழும்பினார்கள்.

ஜென்னேயில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. கட்டாயத்தால் எழுந்த கட்டடத்தை, பிறகு வருடா வருடம் ஊரார் தாங்களாகவே வந்து பூசிக் காத்தார்கள். 1960இல் மாலி சுதந்திரம் பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அதிகாரி போய்விட்டார், வேலை போகவில்லை.

கட்டடத்தைப் பற்றி கொஞ்சம். தரையிலிருந்து ஏறத்தாழ 3 மீற்றர் உயரமான மேடை, ஒவ்வொரு பக்கமும் சுமார் 75 மீற்றர். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் பள்ளிக்குள் வராமலிருக்கத்தான் அந்த மேடை. ஆறு இடங்களில் படிக்கட்டுகள். கிப்லா அவர்களுக்குக் கிழக்கே. சந்தையைப் பார்த்து நிற்கும் அந்தச் சுவரில் மூன்று பெரிய கோபுரங்கள், நடுக் கோபுரம் சுமார் 16 மீற்றர். கோபுர நுனிகளில் தீக்கோழி முட்டை வைத்திருக்கிறார்கள். (தூய்மைக்கும் செழிப்புக்கும் அடையாளமாம். அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் கேட்டு என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம், நான் வரலாறுதான் சொல்கிறேன்.) உள்ளே தொழும் மண்டபத்தில் 90 தூண்கள். தரை மணல். கூரையில் சிறு துளைகள், அவற்றின் மேல் சுட்ட மண் சட்டிகளைக் கவிழ்த்து மூடியிருப்பார்கள். வெக்கை கூடினால் சட்டியை எடுத்தால் சூடு மேலே போய்விடும். மின்விசிறி இல்லாத காலத்துப் புத்தி.

சுவரெங்கும் கட்டுக் கட்டாக மரக்குச்சிகள் 60 சென்ரிமீற்றர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துபுவா முள்ளெலி என்றது இதைத்தான். ‘தொரோன்’ என்று பெயர். பார்க்க அலங்காரம் போலிருக்கும், வேலை வேறு: வருடா வருடம் பூச ஏறுகிறவர்களுக்கு அதுதான் சாரம். அதைப் பிடித்து ஏறி, அதில் நின்று பூசுவார்கள். குச்சி என்ன மரம் தெரியுமா? ஆபிரிக்கப் பனை. நமது பனையின் அதே இனம்தான், கூடப் பிறந்த சகோதரம் மாதிரி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம் ஆட்கள் கூரைக்குப் போட்ட பனைமரம் அங்கே பள்ளிச் சுவரில் நிற்கிறது.

இப்போது அந்த நாளுக்கு வருவோம்.

மழைக்காலம் ஜூன், ஜூலையில் தொடங்கிவிடும். அதற்கு முன், பெரும்பாலும் ஏப்ரலில் அல்லது மே மாதத்தில், நாள் குறிப்பார்கள். பல நாட்களுக்கு முன்பே குழிகளில் ஆற்று மண்ணைக் கொட்டி, தண்ணீரும் நெல் உமியும் சேர்த்து ஊற வைப்பார்கள். உமி இல்லாவிட்டால் காய்ந்ததும் வெடிக்கும். நம் மூத்தம்மாமார் மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைத்ததும் இதே காரணத்துக்குத்தான். இந்தக் குழி மண்ணை அடிக்கடி மிதித்துக் கிளற வேண்டும். யார் மிதிப்பது? சிறுவர்கள். குழிக்குள் இறங்கி விளையாடு என்று விட்டால் போதும், கூலி கேட்க மாட்டார்கள். சேறு படாத இடமே உடம்பில் இருக்காது, அன்றைக்கு உம்மாவும் ஏச முடியாது.

குறித்த நாள் விடியுமுன்பே வேலை ஆரம்பம். மஹல்லாவுக்கு மஹல்லா போட்டி. குழியிலிருந்து கூடையில் சேற்றை அள்ளிக்கொண்டு இளைஞர்கள் ஓட்டமாக ஓடுவார்கள், முதல் சேற்றைச் சுவருக்குக் கொண்டுபோவது யார் என்பதில் பெரிய மானப் பிரச்சினை. தொரோனில் ஏறி நிற்பவர்கள் வாங்கிக் கையாலேயே பூசுவார்கள். பெண்களும் சிறுமிகளும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பார்கள். பாட்டும் மேளமும் உண்டு. நடுவில் மேசன்மார் சங்கத்து மூத்தவர்கள் நின்று எந்தச் சுவரில் எவ்வளவு, எங்கே மெல்லிசாக, எங்கே தடிப்பாக என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வயது போன பெரியவர்களுக்கு சந்தைப் பக்கம் மரியாதையான இடத்தில் இருக்கை. அவர்கள் சும்மா இருந்து பார்ப்பார்கள். சும்மா என்று சொல்லக் கூடாது. ஐம்பது அறுபது வருடம் சேறு சுமந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனாவது அரைகுறையாகப் பூசுவானா?

வெயில் ஏறுவதற்குள் சுவர் முழுக்கப் புதுத் தோல் போர்த்திவிடும்.

அந்த மேசன்மாரைப் பற்றி ட்ரெவர் மார்ச்சண்ட் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு நூல் எழுதினார். தூரத்தில் நின்று பார்த்து எழுதவில்லை, அவர்களிடமே கூலியாளாகச் சேர்ந்து மண் குழைத்து எழுதினார். தந்தையிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் சிறு வயதிலேயே தொழில் பழகும் குடும்பங்கள் அவை. கணக்கு எழுதி வைப்பதில்லை, எல்லாம் கையிலும் கண்ணிலும்.

நம் பள்ளி வெளிமதில், முன் வளவு, மையவாடிப் பக்கத்து வேலி வேலை பற்றி ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வாரமாகப் பேச்சு நடப்பது உங்களுக்குத் தெரியும். “இதைக் கொந்தராத்துக்குக் கொடுத்தால் நாலு நாளில் முடியும், எதற்கு மூன்று ஜும்ஆவுக்கு அறிவித்து எல்லாரையும் கூப்பிடுகிறீர்கள்” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. ஞாயிறு ஒரு நாள்தான் பிள்ளைகளுடன் இருக்கக் கிடைப்பது, வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு தர ஆயத்தம், சிரமதானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தேநீர் குடித்து செல்ஃபி எடுத்துவிட்டுப் போவதையும் கண்டிருக்கிறோம். அவருக்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால்தான் ஜென்னே வரை போனேன்.

ஜென்னேக்காரருக்கும் காசு தேடி வந்தது. அதையும் சொல்கிறேன், அது இனிப்பான கதை அல்ல.

1988இல் ஜென்னே நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வருடா வருடம் மண்ணின் மேல் மண்ணாகப் பூசிப் பூசி, கூரையில் பாரம் ஏறிவிட்டது, சுவரின் மூலைகள் மழுங்கிவிட்டன. அன்பு கூடினாலும் பாரம்தான். ஆகா கான் கலாசார அறக்கட்டளை பெரிய திருத்த வேலைக்கு முன்வந்தது. 2006இல் ஒரு நாள், கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வந்த குழு மேலே ஏறிக் கொத்தத் தொடங்கியது. கீழே நின்ற ஊராருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. “பள்ளியை உடைக்கிறான்கள்” என்று செய்தி பரவியது. கூட்டம் கூடியது, பள்ளிக்குள் புகுந்து அமெரிக்கத் தூதரகம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த மின்விசிறிகளைப் பிடுங்கி எறிந்தது, பிறகு நகர மேயர் வீடு, கலாசார அலுவலகம், இமாமின் வாகனங்கள் என்று போய்விட்டது. ஓர் உயிரும் போனது.

வந்தவர்களின் நிய்யத்தில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேலையும் தேவையான வேலைதான். 2009 நவம்பர் 5ஆம் திகதி, ஒரே நாளில் 75 மில்லிமீற்றர் மழை கொட்டி, கிப்லாச் சுவரின் தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி இடிந்து விழுந்தபோது அது எல்லாருக்கும் விளங்கியது. அதே அறக்கட்டளையின் செலவில் உள்ளூர் மேசன்மாரே அதைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் நூறு வருடமாகத் தன் கையால் பூசி வந்த சுவரில், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொருவன் கொத்தினால் எப்படி இருக்கும்? வன்முறையை நான் சரி காணவில்லை, ஒருபோதும் இல்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்கு விளங்குகிறது. பரிபாலன சபைகளில் இருக்கும் நம் பெரியவர்கள் இந்தப் பந்தியைத் தயவு செய்து இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மரபுரிமை ஊர் என்று ஆன பிறகு, வீட்டுக்குள் தரையோடு பதிக்கவும், பெரிய யன்னல் வைக்கவும் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஜென்னேவாசிகள் குறைப்பட்டார்கள். வருடா வருடம் வீட்டுச் சுவரைப் பூசுவதும் ஏழைக்கு இலகுவல்ல, மேசனுக்கும் மண்ணுக்கும் உமிக்கும் காசு வேண்டும். பார்க்க வந்து போகிறவனுக்கு மண் வீடு அழகு, அதற்குள் குடியிருக்கிறவனுக்குத்தான் மாரியில் ஒழுகும். 2012இலிருந்து மாலியில் யுத்தமும் சேர்ந்துகொண்டது, சுற்றுலாப் பயணிகள் வரவு நின்றது. 2016இல் ஜென்னே ஆபத்திலுள்ள மரபுரிமைகள் பட்டியலில் ஏறியது. அந்தக் கஷ்டத்துக்குள்ளும் பூச்சு நாள் வந்தால் ஊர் கூடுகிறது, 2024இலும் கூடியது.

பிரான்சின் தெற்கே ஃபிரெஜூஸ் என்ற ஊரில் ஜென்னே பள்ளியின் சாயலில் சீமெந்தால் கட்டிய ஒரு கட்டடம் இருக்கிறது. 1930இல், அங்கே தங்கியிருந்த ஆபிரிக்கப் படைவீரர்களுக்காகக் கட்டியது. சிவப்பு நிறம் பூசியிருக்கிறார்கள். அதற்கு வருடா வருடம் மண் பூசத் தேவையில்லை. பூச ஊரும் இல்லை. இன்று அது ஒரு நினைவுச் சின்னம், அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வந்தால், ‘சிரமதானம்’ என்ற சொல் இந்த நாட்டில் எல்லா வாயிலும் புழங்க ஆரம்பித்தது 1958க்குப் பிறகு. கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த இடம். அவர்களுடன் தங்கி, அவர்களுடன் மண் வெட்டினார்கள். சர்வோதய இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. ஒரு பாடசாலை ஆசிரியர் தொடங்கிய வேலை என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், மறைக்க மாட்டேன். அன்று அந்தக் கிராமத்துக்குக் கிடைத்ததில் கிணறும் பாதையும் சின்னப் பகுதி. யாரும் தொடாத மக்களின் வீட்டில் கொழும்புப் பிள்ளைகள் இருந்து சாப்பிட்டார்களே, அதைக் கொந்தராத்துக்காரன் செய்து கொடுத்திருக்க முடியாது.

இந்த உம்மத்துக்கோ சொல்லே தேவையில்லை. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி எழுந்தது மண் கல்லால், தூண்கள் பேரீச்ச மரம், கூரை பேரீச்ச மட்டை. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சுமக்க அம்மார் (ரழி) இரண்டிரண்டாகச் சுமந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அபூபக்ர் (ரழி) காலத்தில் அதில் எதுவும் கூட்டப்படவில்லை. உமர் (ரழி) பெருப்பித்தார்கள், அதே மண் கல்லும் மட்டையும்தான். உஸ்மான் (ரழி) காலத்தில்தான் செதுக்கிய கல்லும் சுண்ணாம்பும் தேக்குக் கூரையும் வந்தன. அதனால் நல்ல பொருளால் கட்டுவது பிழை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளியைக் கூட்டித் துப்புரவு செய்து வந்த ஒருவர் மௌத்தானபோது, இரவில் யாரும் நபியவர்களுக்கு அறிவிக்கவில்லை. அது சின்ன விடயம் என்று நினைத்துவிட்டார்கள். நபியவர்கள் விசாரித்து, கப்றைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள்.

நமது ஊரிலும் நோன்புக்கு முன்னர் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஊர் வேலையாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுண்ணாம்பைத் தாழியில் நீற்றி, தும்புத் தூரிகையால் அடிப்பது. அது எனாமல் பெயின்ட் மாதிரி மினுங்காது, இரண்டு மாரியில் மங்கிவிடும். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதுதான் பொருந்தும். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்து போகும். அதன் மேல் சீமெந்துப் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, பொக்களமாகக் கிளம்பி உதிரும். நம் பள்ளியின் பழைய பின்சுவர் உதிர்வதற்கு மேசன் பாஸ்மாரிடம் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்கள். கழன்று நிற்கும் சீமெந்தை முதலில் எடுக்காமல் அதன் மேல் இன்னொரு நிறம் அடிப்பது காசைக் கரைப்பது. அந்தச் சுவருக்கு எதை அடிப்பது என்று பாஸ்மார் முடிவு செய்யட்டும், மற்றவர்கள் அவர்கள் சொன்னதைச் செய்வோம். ஜென்னேயிலும் ஓடுகிறவன் ஓடினான், எங்கே எவ்வளவு பூசுவது என்று சொன்னவர் மேசன்தான்.

முன் வளவுக்கு முழுவதும் இன்டர்லொக் கல் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மழைநீர் இறங்க மண் வேண்டும். வேம்புக்கும் பூவரசுக்கும் அடியில் குறைந்தது ஆறடி விட்டுக் கல் பதிக்கச் சொல்லுங்கள். ஜும்ஆவுக்கு உள்ளே இடமில்லாமல் அந்த நிழலில்தான் பாதிப் பேர் நிற்கிறோம்.

சிரமதானம் வருகிற ஞாயிறு சுபஹுக்குப் பிறகு. மண்வெட்டி, தாச்சி, வாளி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். பெண்கள் பகுதி வேலையை மத்ரஸா ஆசிரியைகள் பார்த்துக்கொள்கிறார்கள். சிறுவர்களைத் தடுக்காதீர்கள், அழுக்கானால் கழுவலாம். ஏலாத பெரியவர்களுக்கு வேம்படியில் கதிரை போட்டிருக்கும், கட்டாயம் வந்து இருங்கள். காசு தர விரும்பும் வெளிநாட்டு உறவுகள் பொருளாளருடன் பேசுங்கள், பெயின்டுக்கும் கல்லுக்கும் அது தேவைதான்.

வேலை தொடங்குவது மதிலிலிருந்து அல்ல. முதலில் இரண்டு தம்பிமார் கூரையில் ஏறிப் பீலியில் அடைந்திருக்கும் சருகை அள்ள வேண்டும், பிறகு மையவாடிப் பக்கத்து வடிகானை வெட்டித் திறக்க வேண்டும். போன மாரியில் தண்ணீர் அங்கேதான் நின்றது.

வஸ்ஸலாம்.